கிளச்சை மிதித்தால் நிற்கிற சத்தம்

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையடியில் ஒரு வாடகைக் காரில் ஏறினேன். காலி வீதி வழக்கம்போல அடைத்துக்கொண்டு கிடந்தது. சிக்னலில் நின்றபோது காரின் மூக்குப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. தோசைக்கல்லைத் தட்டகப்பையால் சுரண்டுவது போல, விட்டு விட்டு, ஸ்ர்ர்க், ஸ்ர்ர்க். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. "தம்பி, கிளச்சை ஒருக்கா மிதிச்சுப் பாருங்கோ" என்றேன். வத்தளைப் பெடியன், கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "அக்கா கராஜ் வச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். சத்தம் நிற்கவில்லை. "அப்ப இது வேற வருத்தம். பெல்ட்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவன் பாட்டைக் கூட்டி வைத்துவிட்டான்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் மேசைக்குப் பின்னால் இருந்து சம்பளம் வாங்குகிறவள். எனக்கு சைக்கிள் செயின் கழன்றாலே பூட்டத் தெரியாது. ஆனால் ஒரு காரின் எஞ்சினுக்கு முன்னால், பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரம் இருக்கிறதே, புல்லி என்பார்கள், அதற்கும் அதன் பின்னாலிருக்கும் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தெரிந்து என்ன பிரயோசனம், சொல்லுங்கள். தெரிய வேண்டிய நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இது ஒன்றும் ஐம்பது வருடத்துக்கு முந்திய கதையும் இல்லை. பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த நாட்கள். நான் அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன்.

எங்களிடம் ஒரு பழைய வெள்ளை நிற ஜப்பான் கார் இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த அண்ணாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தக் காரில்தான் என்று அப்பா சொல்லுவார். என்னைக் கொண்டுவந்தது முச்சக்கர வண்டியில். அன்றைக்குக் கார் கராஜில் நின்றதாம். இதை நான் சண்டை வரும்போதெல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கார்தான் வயது போய் நீலப் புகை கக்கத் தொடங்கியிருந்தது. புதுக் கார் இறக்குமதி இல்லை, சாமான் இல்லை, எல்லாரும் இருக்கிறதை வெட்டி ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காலம். அப்பா அதை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அப்போதுதான் அண்ணாவுக்குக் கனடா விசா வந்தது.

இங்கே அப்பாவின் ஒரு விசரைச் சொல்லியாக வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து எத்தனையோ பேர் வெளிநாடு போயிருக்கிறார்கள். அப்பாவின் தம்பிமார் இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் போனார்கள். எல்லாரும் வான் பிடித்துத்தான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவது. சொந்தக்காரர் முழுப்பேரும் ஏறவேண்டும், பெட்டி ஏறவேண்டும், அதனால் வான். அப்பா மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். "வான் பிடிச்சுப் போனவன் ஒருத்தனும் திரும்பி வரேல்லை" என்பார். "சொந்தக் காரில ஏத்திக்கொண்டுபோய் விட்டால் அதே கார் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். நான் என்ட பிள்ளையை என்ட காரிலதான் விடுவன்." அண்ணா சிரிப்பான். "அப்பா, அவை வராததுக்குக் காரணம் வான் இல்லை, நாடு" என்பான். அப்பாவிடம் சொல்லி வெல்ல முடியுமா? எஞ்சினைக் கழற்றிப் புதுசாகக் கட்டுவதென்று தீர்மானித்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாஸ் இருந்தார். மெக்கானிக்கை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எஞ்சினைக் கழற்றி, கடைசல் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கி, எல்லாவற்றையும் துடைத்து வைத்தார். பூட்ட வேண்டிய நேரத்தில் ஒரு நாள் காணாமல் போனார். கட்டாருக்குப் போய்விட்டார் என்றார்கள். யாரைக் குறை சொல்வது, அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. அப்பா ஒரு லொறியில் கார், எஞ்சின், சாமான் எல்லாவற்றையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதை. எங்கள் முன் விறாந்தை முழுக்க பிஸ்கட் டின்கள். டின்களுக்குள் நட்டு, போல்ட், வொஷர், பெயர் தெரியாத இரும்புகள். மண்ணெண்ணெயும் பழைய ஒயிலும் கலந்த மணம் சோற்றுக்குள்ளும் வந்தது. "அலுவலகத்தில என்ன சென்ட் எண்டு கேக்கினம்" என்று நான் சொன்னதற்கு அப்பா சிரிக்கவில்லை.

அம்மா இதில் ஒன்றிலும் தலையிடவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. விசா வந்த அன்றைக்கே, அண்ணா பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்து, ஒரு முடித்தேங்காயை மஞ்சள் பூசி சாமித்தட்டில் வைத்தார். அவன் போய் இறங்கியதும் அதைக் கோயிலில் கொண்டுபோய் உடைக்க வேண்டும். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது. ஆனால் தேங்காய் தேங்காயல்லவா, தட்டில் நிற்காமல் உருண்டு உருண்டு வந்தது. ஒரு தடவை முருகன் படத்தைத் தள்ளி விழுத்தியது. பிறகு அம்மா அடியில் எதையோ கொடுத்து நிமிர்த்திவிட்டார். தேங்காய் அசையாமல் நின்றது. அம்மாவின் மனமும் அன்றோடு அலையாமல் நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பூட்டுவதற்கு அப்பா பிடித்துக்கொண்டு வந்தவர் செல்வம். அவரும் கொட்டாஞ்சேனைதான், தாய் தகப்பன் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். நல்ல மனிதர். ஆனால் இன்னொருவர் கழற்றியதைப் பூட்டுவது லேசான வேலை இல்லை என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். "சார், நான் கழட்டியிருந்தா எது எங்க இருந்துச்சுன்னு என் கைக்குத் தெரியும். இப்ப டின்ல இருக்கிறதுதான் எனக்குச் சாமான்." அப்பா, "எல்லாம் டின்னில இருக்கு, ஒண்டும் துலையேல்லை" என்று அடித்துச் சொன்னார். செல்வம் எங்கள் வீட்டு முற்றத்திலேயே கட்டை போட்டு, சங்கிலி கட்டி, எஞ்சினைக் கட்டி முடித்துக் காருக்குள் இறக்கினார். நல்ல நேரம் பார்த்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, அப்பா சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது. புகை இல்லை. அம்மா வாசலில் நின்று கை கூப்பினார். அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், எப்படி என்பது போல. அந்த நேரத்தில்தான் கேட்டது. ஸ்ர்ர்க், ஸ்ர்ர்க்.

"சூடாகினால் போயிடும்" என்றார் அப்பா. சூடான பிறகு கூடியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அப்பா ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் ஒவ்வோர் இடமாக வைத்து, டாக்டர் மாதிரிக் கேட்டார். கரையோர ரயில் போகும்போது கையைத் தூக்குவார். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு ரயில் போகும்வரை நிற்போம். பக்கத்துத் தொடர்மாடியின் பல்கனியிலிருந்து ஓர் அங்கிள், "உது தண்ணிப் பம்பு, எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ" என்று கத்தினார். மறுநாள் அவரே "ஒல்டனேட்டர்" என்றார். அப்பா அண்ணாவைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கில் இருத்தினார்.

"மிதி."

அண்ணா கிளச்சை மிதித்தான். சத்தம் நின்றது.

"விடு."

சத்தம் வந்தது.

"மிதி... விடு... மிதி... எட, திரும்ப மிதி."

அண்ணா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன். கையில் ஒரு காலுறையோடு வந்து இருந்தான். இருந்த இடத்தில் அரை மணித்தியாலம் மிதிப்பதும் விடுவதுமாக இருந்தான். அப்பா பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பெட்டியை நிறுக்க வேண்டும், பாட்டாச் செருப்பு வாங்க வேண்டும், ஆயிரம் வேலை. இப்போது யோசித்தால், அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். ஆளையாள் முகம் பார்க்கவும் இல்லை, நடுவில் பொனட் மூடி நிமிர்ந்து நின்றது.

கிளச்சை மிதித்தால் நிற்கிற சத்தம் என்றால் கியர்பொக்ஸ் பேரிங் என்று உலகத்தில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லுவானாம். செல்வமும் அதைத்தான் சொன்னார். கியர்பொக்ஸைக் கழற்றினார்கள். பேரிங் புத்தம் புதுசு போல இருந்தது. திரும்பப் பூட்டினார்கள். ஸ்ர்ர்க். பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார்கள். தண்ணிப் பம்பும் ஓடவில்லை, ஒல்டனேட்டரும் ஓடவில்லை, சத்தம் மட்டும் ஓடியது. பல்கனி அங்கிள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். செல்வம் பால் இல்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏதோ ஒன்னு குறையுதுங்க சார். என்னன்னுதான் தெரியல" என்றார். அப்பா திரும்பவும் பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லா டின்னும் வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருந்தால் எல்லாம் பூட்டியாயிற்று என்றுதானே அர்த்தம்? வேறு எப்படி யோசிப்பது?

கடைசியில் கண்டுபிடித்தது என் பவுடர் கண்ணாடி. அண்ணா போவதற்கு முதல் நாள். எஞ்சினின் முன்பக்கத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம்தான். தலை போகாது. செல்வம் என்னுடைய கண்ணாடியை வாங்கி உள்ளே விட்டு, டெலிபோன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு "சார், இங்க வாங்க" என்றார். புல்லிக்குப் பின்னால் இருக்கிற மூடியில் பிறை மாதிரி ஒரு கோடு பளபளவென்று மின்னியது. புல்லி சுற்றும்போது அதில் உரசியிருக்கிறது. கிளச்சை மிதித்தால் உள்ளேயிருக்கிற தண்டு ஒரு மயிரளவு முன்னுக்குத் தள்ளுப்படும், புல்லி மூடியை விட்டு விலகும், சத்தம் நிற்கும். விட்டால் திரும்பவும் வந்து உரசும். இவ்வளவுதான். அப்பா உள்ளே ஓடிப்போய் நாட்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். செல்வம் அதைப் புல்லிக்கும் மூடிக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். போகவில்லை.

"இந்தத் தாளை எட்டா மடிச்சாலும் போகணுங்க" என்றார். "புல்லி அளவுக்கு மேல உள்ளுக்கு ஒக்காந்திருக்கு. அளந்து, ஒரு வளையம் கடைஞ்சு நடுவுல கொடுக்கணும். லேத்துல பத்து நிமிசத்து வேலை."

அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்ல. உடனே கொட்டாஞ்சேனைக் கடைசல்காரருக்கு டெலிபோன் எடுத்தார். அங்கிருந்து, "அத போயா நே, மாத்தயா. ஹெட்ட பலமு" என்று சிங்களத்தில் பதில் வந்தது. அப்போதுதான் எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்தோம். ஒயில் பட்டு மடங்கிக் கிடந்த தாளில் திகதி சிவப்பு எழுத்தில் இருந்தது. போயா நாள், பௌர்ணமி விடுமுறை. எல்லாப் பட்டறையும் பூட்டு. நாளைக்குப் பார்ப்போம் என்கிறார், நாளைக்குப் பின்னேரம் பிளேன்.

"உரசினால் உரசட்டும், நான் மெதுவா ஓடுவன்" என்றார் அப்பா.

செல்வம் தலையை ஆட்டினார். "கட்டுநாயக்கா போறதுக்குள்ள மூடி ஓட்டையாகிடும் சார். ஒயில் கொட்டி நடுரோட்டுல நிப்பீங்க. பிள்ளை பிளேனை விட்டுடும்."

அண்ணா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, ஒரு வான் பிடிப்பம்" என்றான், மிகவும் மெதுவாக. அப்பா செல்வத்தின் பக்கம் திரும்பி, "புல்லியைக் கழட்டித் தா" என்றார். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று இப்போதும் தெரியாது.

மறுநாள் காலையில் அப்பா புல்லியை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டார். தனியே விடப் பயந்து நானும் முச்சக்கர வண்டியில் தொற்றிக்கொண்டேன். பட்டறை திறந்திருந்தது. கடைசல்காரரும் இருந்தார். கரண்ட் இல்லை. அந்த நாட்களின் கரண்ட் வெட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பகுதி பகுதியாக வெட்டுவார்கள். கடைசல் இயந்திரம் இருட்டுக்குள் சும்மா நின்றது. "இப்ப வரும், இப்ப வரும்" என்று கடைசல்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி வாங்கில் இருத்தினார். அப்பா புல்லியை மடியில் வைத்துக்கொண்டு, மேலே தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நானும் பார்த்தேன். ஒரு பல்பை அவ்வளவு நேரம் பார்த்து நீங்கள் கும்பிட்டிருக்கிறீர்களா? நான் கும்பிட்டேன். பக்கத்து வீதியில் இருந்த அத்தனை கோயிலுக்கும், மாதா கோயிலுக்கும் சேர்த்து நேர்ந்தேன். பத்து நிமிட வேலை, கரண்ட் மட்டும் வந்தால் போதும். அண்ணா டெலிபோன் எடுத்தான். "அப்பா எங்க? வான் வந்திட்டுது."

அப்பா எழும்பி, புல்லியைத் திரும்பப் பைக்குள் போட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. அப்பா உடுப்பு மாற்றவும் இல்லை, அப்படியே ஒயில் பிரண்ட சேர்ட்டோடு வானின் பின் சீற்றில் ஏறினார். விமான நிலைய வாசலில் அண்ணா கட்டிப்பிடித்தபோது, அவனுடைய புது ஜக்கெற்றில் கறை படக்கூடாதென்று கைகள் இரண்டையும் விரித்து, மணிக்கட்டால் மட்டும் அவனை அணைத்தார். "பாத்துப் போ" என்றார்.

அண்ணா போய் இறங்கி, பனிக்குள் நிற்கிற படம் அனுப்பிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அம்மா தலை தோய்ந்துவிட்டுத் தேங்காயை எடுக்கப் போனார். கோயிலுக்கு நானும் போவதாக இருந்தது. அம்மா சாமியறையிலிருந்து ஒரு கையில் தேங்காயோடும் மற்றக் கையில் ஓர் இரும்பு வளையத்தோடும் வந்தார். தடிப்பான வளையம், உட்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு, மேலே சந்தனமும் குங்குமமும். "இஞ்சேருங்கோ, இது உங்கட டின்னில எடுத்தது. திரும்ப வைக்க மறந்துபோனன்" என்றார்.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அதை வாங்கினார். விரலை உட்பக்க வெட்டில் வைத்துத் தடவினார். புல்லியிலும் அதே வெட்டு இருந்தது.

"தேங்காய் உருண்டுகொண்டே இருந்தது" என்றார் அம்மா. எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. "நல்ல பாரமா, மட்டமா இருந்தது. காரிட சாமான்தானே, காருக்கும் சேத்துப் பிள்ளையார் பாக்கட்டும், பிள்ளையும் காரும் பத்திரமாப் போகட்டும் எண்டுதான்... ஏன், தேடினனீங்களே? ஒருத்தரும் வளையம் காணேல்லை எண்டு சொல்லேல்லையே."

உண்மைதான். ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கட்டாரில் இருந்தார்.

நான் அப்பா வெடிப்பார் என்று நினைத்தேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டை இரண்டாக்குகிற மனிதர். அவர் வளையத்தை மேசையில் வைத்துவிட்டு, "பரவாயில்லை, நீ கோயிலுக்குப் போயிட்டு வா" என்றார். அம்மா போகவில்லை. கதிரையில் இருந்துகொண்டார். தேங்காய் மடியில். "பத்திரமாப் போய்ச் சேரவேணும் எண்டுதான் நேந்தனான்" என்றார். "திரும்பி வரவேணும் எண்டு கேக்க மறந்துபோனன்."

செல்வம் வந்து வளையத்தைப் பார்த்த உடனே தலையில் கை வைத்தார். சந்தனத்தை வேட்டித் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டினார். ஒரு பின்னேரம்கூட எடுக்கவில்லை. நாட்காட்டித் தாள் எட்டாக மடித்தும் போனது. கார் ஸ்டார்ட் ஆனது தெரியாமல் நான் "ஏன், பிடிக்குதில்லையோ" என்று கேட்டேன். அவ்வளவு அமைதி. அப்பா கிளச்சை மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காரைக் கல்கிசை வரை ஓட்டிவிட்டு வருவார், எஞ்சின் இறுகாமல் இருக்க வேண்டும் என்று. பெற்றோல் கோட்டா அதற்கே முடிந்துவிடும். வரும்போது கூட்டிக்கொண்டு வரத் தயாராக இருக்க வேண்டுமல்லவா? ஒரு வருடம் அண்ணாவுக்கு லீவு இல்லை. அடுத்த வருடம் வதிவிடப் பேப்பர் வரவேண்டியிருந்தது. பிறகு கல்யாணம், அதுவும் அங்கேயே. வருவான், வராமல் எங்கே போகிறான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது சாமித்தட்டில் இன்னொரு முடித்தேங்காய் இருக்கிறது. இந்த முறை என்ன கேட்டிருக்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. சுற்றிவர அரிசி குவித்து நிமிர்த்தி வைத்திருக்கிறார், எந்த இரும்பையும் தொடுவதில்லை.

செல்வமும் ருமேனியாவுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போக வந்தபோது அப்பா, "எதில எயார்போட் போறாய்?" என்று கேட்டார். "பஸ்ல சார்" என்றார் செல்வம். கொட்டாஞ்சேனைக் கடைசல் பட்டறை இருந்த இடத்தில் டெலிபோன் கவர் விற்கிறார்கள். கரண்ட் இப்போது வெட்டுவதில்லை. அப்பாவின் கண்தான் குறைந்துகொண்டு வந்தது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு பழுதாகிவிட்டது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்ட முடியாத காரை முற்றத்தில் வைத்து என்ன செய்வது? போன வைகாசியில் கொலன்னாவைப் பக்கத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த மனிதர் எஞ்சினைக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இப்பிடி ஒரு எஞ்சின் இந்த வயசுக் காரில நான் காணேல்லை" என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்குச் சந்தோஷம்தான். கேட்டைத் திறந்துவிட்டு, அதில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கார் பின்னுக்கு எடுத்து, திரும்பி, ஒழுங்கையால் காலி வீதிப் பக்கம் போனது. சந்தியில் ஒரு பஸ்ஸுக்கு நின்று, பிறகு மறைந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா தலையை ஒரு பக்கம் சரித்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ரயில் வருகிறதோ என்று கையைக்கூடக் கொஞ்சம் தூக்கினார். ரயிலும் வரவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

"போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா, போயிட்டுது" என்றேன்.